பிப்ரவரி முப்பது

செல்லாத தேதி என்கிறது கணினி.
மூன்றாம் முறையாகத் தட்டுகிறேன்:
முப்பது, இரண்டு, ஆயிரத்து எழுநூற்றுப் பன்னிரண்டு.
பெட்டியின் ஓரம் மறுபடி சிவக்கிறது.

வாசா நகரத்து ஆவணக் காப்பகம். நவம்பர்.
மூன்றரை மணிக்கே இருட்டிவிட்டது.
பக்கத்து மேசை ரூனார் கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னான்:
"இருபத்தொன்பது என்று போட்டுவிடு,
யார் வந்து கேட்கப் போகிறார்கள்?"
ஆள் கேட்கமாட்டார், ரூனார்.
கிழமை கேட்கும்.

கடிதம் மினசோட்டாவிலிருந்து.
வெர்னர் பாக்லுண்ட், ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர்.
"எங்கள் குடும்பத்தில் பெயர் தெரிந்த முதல் பெண்
பிறந்த நாள் வேண்டும், இன்றைய காலண்டர்படி.
கல்லில் வெட்டப்போகிறோம்.
தவறு வரக்கூடாது."

வரக்கூடாதாம்.
அந்த நாளே ஒரு தவறுக்குப் பிறந்தது, ஐயா.

அப்போது இந்தக் கரையும் ஸ்வீடனுடையது.
பதினொரு நாளை ஒரே வாயில் விழுங்கப் பயந்து,
நாற்பது ஆண்டில் லீப் நாள்களை ஒவ்வொன்றாகக்
கொறித்துத் தீர்ப்போம் என்றார்கள் ஸ்டாக்ஹோமில்.
ஆயிரத்து எழுநூறில் ஒன்றைக் கொறித்தார்கள்.
பிறகு போர்.
நான்கில் மறந்தார்கள், எட்டில் மறந்தார்கள்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டாமா?
ருஷ்யாவுக்கு ஒரு நாள் முன்னால்,
ரோமுக்குப் பத்து நாள் பின்னால்,
எவரோடும் சேராமல்
பன்னிரண்டு ஆண்டு நொண்டியது ஒரு நாடு.
கடைசியில் பழைய கணக்கே போதும் என்று
கொறித்ததைத் துப்பினார்கள்.
அது விழுந்த இடம்
பிப்ரவரியின் வால்.

கணினித் திரையை அந்தப் பக்கம் திருப்பிவைத்தேன்.
பென்சில். பழைய ரசீது ஒன்றின் முதுகு.
ஸ்வீடனின் முப்பது, ஜூலியனுக்கு இருபத்தொன்பது.
அதோடு பதினொன்று, நாற்பது.
அந்த ஆண்டின் பிப்ரவரி இருபத்தொன்பதைக் கழித்தால்
மார்ச் பதினொன்று.

கிழமை?
ஆயிரத்து எழுநூறு ஜனவரி முதல் தேதி வெள்ளி.
அங்கிருந்து விரல் மடக்கி வந்தேன்,
ஏழு ஏழாகத் தள்ளி.
சனிக்கிழமையில் வந்து நின்றது.
தேவாலயப் பதிவிலோ வெள்ளி.
கணக்கு உதைத்தது.
ஒரு கோப்பைக் காப்பி ஆறும்வரை உதைத்தது.
பிறகு தெரிந்தது:
புதுக் கணக்கில் ஆயிரத்து எழுநூறுக்கு லீப் கிடையாது.
முந்நூறு ஆண்டு கழித்தும்
அதே படியில் தடுக்கி விழ
நான் ஒருத்தி.

ஒரு நாளைக் கழித்தேன். வெள்ளி.

சரிபார்க்கத்தான் பதிவைத் திரும்பப் பிரித்தேன்.
இல்லாவிட்டால் அதற்கு மேல் படித்திருக்கமாட்டேன்.
பெண் குழந்தை, பேயாட்டா. அந்திப் பொழுது.
தாய் வால்போர்க்.
தகப்பன் ஹின்ட்ரிக் ராஸ்க், படைவீரன்;
மார்ச் ஒன்று விடியுமுன் அணியில் நிற்கக் கெடு.
அடுத்த வரி சாய்ந்து ஓடுகிறது,
பாதிரியின் மை உறைந்திருக்க வேண்டும்:
"குளிர் கடுமை, குழந்தை பலவீனம்.
இரவே ஞானஸ்நானம்.
தகப்பனே ஏந்தி நின்றான்."

இருபத்தொன்பதோடு அந்த மாதம் முடிந்திருந்தால்
அந்த அந்தியில் அவன்
பனிச்சாலையில் பன்னிரண்டு மைல் தள்ளி நடந்திருப்பான்.

அதன்பிறகு அவன் பெயர் இந்தப் புத்தகத்தில் இல்லை.
வால்போர்க் இருக்கிறாள்: வரி பாக்கி,
ஒரு பசு, மீண்டும் வரி பாக்கி.
பேயாட்டா இருக்கிறாள், ஏழு பிள்ளைகளோடு.
நாளும் கிழமையும் வந்துபோயிருக்கும் வீட்டில்.
அவள் நாள் மட்டும் வரவே இல்லை.

வெர்னருக்கு இரண்டு தேதிகளையும் எழுதினேன்,
எதனால் இரண்டு என்றும்.
கல்தச்சர் எழுத்துக்கு இத்தனை என்று
காசு வாங்குகிறாராம், ஒன்றே போதும் என்று பதில்.
எது அந்த ஒன்று என்று சொல்லவில்லை.

என் பெட்டியையும் நிரப்பியாக வேண்டும்.
காலியாக விட்டாலும் சிவக்கிறது.
மார்ச் பதினொன்று என்று இட்டேன்,
பச்சையாகி வழிவிட்டது.
கீழே குறிப்பு என்று இன்னொரு பெட்டி.
அதில் எதை எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும்.
எழுதினேன்:
தகப்பன் வீட்டில் இருந்தான்.